தொரை கையால ஊத்துன டின்னு

எங்க ரப்பர் தோட்டத்துல ஒரே எண்ணெய்க்கு நாலு பேரு. தொரை 'ஹெவி ஆயில்'ம்பாரு. கணக்கெழுதுற யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா 'குரூட் ஆயில்'ம்பாரு. அலோர் காஜா டவுனுல அத விக்கிற கடைக்காரப் பாய் மலாய்க்காரங்க மாதிரி 'சோலார்'னு சொல்லுவாரு. எஞ்சின மாட்ட வந்த ஆளு 'டீசல்'னான். எம்புருஷன் நாலையும் காது குடுத்துக் கேட்டுட்டு, எதுவும் மண்டையில நிக்கலன்னு, 'கறுப்பு'ன்னு அவரா ஒரு பேரு வச்சாரு. பெட்ரோலுக்கு 'வெள்ள'. மண்ணெண்ணெ மட்டுந்தான் எல்லாரு வாயிலயும் மண்ணெண்ணெயாவே இருந்துச்சு, பாவம்.

இது பேரோட போற வெவகாரம் இல்ல. மூணு எண்ணெயும் ஒரே மாதிரி டின்னுலதான் இருக்கும். பழைய மண்ணெண்ணெ டின்னு. அதுலதான் தண்ணி எடுப்போம், அதுலதான் கஞ்சி காச்சுவோம், அத வெட்டித்தான் கூரைக்கு ஒட்டுப் போடுவோம். பீப்பாவுலேருந்து எந்த எண்ணெ வந்தாலும் அந்த டின்னுலதான் புடிச்சு வைப்பாங்க. எம்புருஷனுக்கு எழுத்து தெரியாது. அதனால டீசல் டின்னுல கரியால ஒரு கோடு இழுப்பாரு, பெட்ரோல் டின்னுல சுண்ணாம்பால ஒரு பொட்டு வைப்பாரு. அதான் கறுப்பு, வெள்ள.

அவரு மொதல்ல லாரி ஓட்டுனவரு. ரப்பர் வெல விழுந்த வருசத்துல தொரை லாரிய வித்துட்டாரு. வேல இல்லாதவங்க பேரெல்லாம் எடுத்து இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. காலையில பெரட்டுல, அதான் ஆள் கணக்கெடுக்கிற எடத்துல, கிராணி பேரு கூப்புடுவாரு. மத்த நாளெல்லாம் பேரு கூப்புட்டா வேல இருக்குன்னு அர்த்தம். அந்த வருசம் கூப்புட்டா மூட்டைய கட்டுன்னு அர்த்தம்.

நான் பொறந்ததே அந்தத் தோட்டத்துலதான். எனக்கு இந்தியாவுல இருந்ததெல்லாம் ஒரு மாமியாரு. அந்தம்மாவ நான் பாத்ததும் இல்ல, பாக்கணும்னு ஏங்குனதும் இல்ல. எங்கம்மா வேற காலு வெளங்காம லயத்து வீட்டுல படுத்துக் கெடந்துச்சு. அதத் தூக்கிக்கிட்டுக் கப்பல் ஏற முடியாது, விட்டுட்டும் ஏற முடியாது. அதனால இவருக்கு ஏதாவது ஒரு வேல இருக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு.

அந்த நேரத்துல வந்துச்சு எஞ்சினு. ஸ்டோருல ஒறஞ்ச ரப்பர் பால் கட்டிய நசுக்கி ஷீட்டு போடுற ரோலர ஓட்டுறதுக்கு. முன்ன இருந்தது பெட்ரோல் எஞ்சின். தொரைக்கு அதக் கண்டா ஆகாது. ஏன் ஆகாதுன்னா, அவரு மொத உலகச் சண்டையில டேங்கி ஓட்டுன ஆளு. கிராணி ஐயாதான் ஒருநாள் ஸ்டோர் வாசல்ல நின்னு வெவரம் சொன்னாரு.

"தொரை டேங்கிக்குள்ள இருந்து சண்டை பிடிச்சவர், தெரியுமோ?"

"எந்த டேங்கி ஐயா, நம்ம தண்ணி டேங்கி மாதிரியா?" எம்புருஷன் கேட்டாரு.

"தண்ணி டேங்கியில என்னத்தையடா சண்டை பிடிக்கிறது. அது இரும்பு வண்டி. உள்ளுக்க எட்டுப் பேர் இருப்பினம். நடுவில பெட்ரோல் எஞ்சின். குண்டு பட்டால் பெட்ரோல் பத்திக்கொண்டிடும். கதவு சின்னன். இவர் மட்டும் வெளியில வந்தவர்."

தொரைக்கு எடது காது பாதிதான் இருக்கும். நாங்க அதப் பொறப்புலயே அப்படின்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். அன்னைக்குத்தான் வெளங்குச்சு. அவரு காருக்குப் பெட்ரோல்தான், அதுக்கு வேற வழியில்ல. ஆனா அந்த டின்ன அவரு தொட்டு யாரும் பாத்ததில்ல. ஊத்தும்போது அந்தப் பக்கமே நிக்க மாட்டாரு. இந்தப் புது எண்ணெ அப்படி சட்டுன்னு பத்தாதாம். தீக்குச்சியக் கிழிச்சுப் போட்டாக் கூட அணைஞ்சிருமாம். அதனால புது எஞ்சின் வந்துச்சு. மிசினு தெரிஞ்சவன்னு எம்புருஷன எஞ்சின்காரரா போட்டாங்க. பேரு கப்பல் கணக்குலேருந்து போச்சு. நான் அன்னைக்கு ரவ கிண்டுனேன்.

அந்த எஞ்சினுக்கு ஒரு தலை உண்டு, இரும்புல, பூசணிக்கா மாதிரி. காலையில மண்ணெண்ணெ ஊதுவெளக்க அது அடியில வச்சுச் சூடேத்தணும். செவசெவன்னு ஆனதும் சக்கரத்தத் தள்ளிவிட்டா டுப்பு டுப்புன்னு கெளம்பிரும். எம்புருஷன் அது முன்னால ஒக்காந்து அது மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பாரு. என் மூஞ்சிய அவரு அப்படிப் பாத்து ரொம்ப நாளாச்சு. "அதுக்கும் ஒரு தாலி கட்டிருங்களேன்"ன்னேன் ஒருநாள். "உன்ன விட அது சீக்கிரமா எந்திரிக்குது"ன்னாரு.

ஆயுத பூஜ வந்துச்சு. மத்த வருசமெல்லாம் பால் கத்தி, வாளி, மம்பட்டி இதுங்களுக்குத்தான் பூஜ. அந்த வருசம் எஞ்சினுக்கு. எனக்கு ஒரு மொழம் பூ வாங்கித் தராத மனுசன், எஞ்சினுக்கு ஆள் ஒசரத்துல மால கட்டச் சொன்னாரு. லயத்துப் பொம்பளைங்களையெல்லாம் கூப்புட்டு, "எஞ்சின் சாப்புடுற எண்ணெ, அந்த டின்னும் சுத்தமா இருக்கணும், தேச்சுக் கழுவுங்க"ன்னாரு. சாமி காரியம். தொரை காருக்கான பெட்ரோல் டின்னும் ஸ்டோருலதான் இருக்கும், அதையும் சேத்துத் தேங்கா நாரும் சாம்பலும் போட்டுத் தேச்சோம். டின்னெல்லாம் கண்ணாடியாச்சு. கரிக்கோடும் போச்சு, சுண்ணாம்புப் பொட்டும் போச்சு.

அவரு அத கவனிக்காம இல்ல. மூடியத் தெறந்து மோந்து பாத்து, கறுப்ப எடது பக்கமும் வெள்ளைய வலது பக்கமும் பிரிச்சு வச்சாரு. பூஜ முடிஞ்சதும் மறுபடி கோடு போட்டுக்கலாம்னு இருந்தாரு. பூஜைக்கு முன்னாடி கரியப் பூசக் கூடாதுன்னுட்டாரு பூசாரி. அந்தப் பூசாரிக்கு எல்லாம் பாக்க லட்சணமா இருக்கணும். சாமி படத்துக்கு ரெண்டு பக்கமும் டின்னுங்க சரிசமமா இல்லன்னு, எம்புருஷன் குளிக்கப் போன நேரத்துல வலது பக்கத்துலேருந்து ரெண்ட எடது பக்கம் தூக்கி வச்சு, எல்லாத்துக்கும் பட்ட பட்டயா விபூதி அடிச்சு, நடுவுல குங்குமம் வச்சுட்டாரு. ஒண்ணு மாதிரி ஒண்ணு, கல்யாண வீட்டுப் பொண்ணுங்க மாதிரி நின்னுச்சுங்க.

எங்க வழக்கம், மிசினுக்குப் பூஜ பண்ணா மொத எண்ணெய முதலாளி கையால ஊத்தணும். தொரை வந்தாரு. மால போட்டாங்க. நெத்தியில சந்தனம் வச்சாங்க, சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாரு. நல்ல மனுசன்னுதான் சொல்லணும், அதுவரைக்கும். நல்ல நேரம் தவறிடக் கூடாதுன்னு எம்புருஷன் முன்னாடியே ஊதுவெளக்கப் பத்த வச்சு எஞ்சின் தலையச் சூடேத்தி வச்சிருந்தாரு. ஸ்டோருக்குள்ள சாம்பிராணிப் புகை, சூடம், ஊதுபத்தி. பக்கத்துல நிக்கிறவங்க மொகமே தெரியல, இதுல எண்ணெ வாசம் எங்க தெரியும். பூசாரி எடது பக்கத்து டின்னு ஒண்ண எடுத்துக் கிராணி ஐயாகிட்ட குடுக்க, அவரு தொரைகிட்ட குடுத்தாரு.

தொரை எஞ்சின் எண்ணெத் தொட்டியில ஊத்துனாரு. பாதி ஊத்தும்போது அவரு சிரிப்பு நின்னுச்சு. டின்னு மேல குனிஞ்சிருந்தாரா, எங்களுக்குத் தெரியாத வாசம் அவருக்குத் தெரிஞ்சிருச்சு. டின்ன நிமித்தலாம், தூரப் போடலாம். அவரு எதுவும் செய்யல. கண்ணு மட்டும் எங்கேயோ நிக்குது, கை பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்கு. தொட்டி நெறஞ்சு கீழ வழியுது. கீழ ஊதுவெளக்கு.

எம்புருஷன் அவரு மூஞ்சியப் பாத்துத்தான் வெளங்கிக்கிட்டாரு. தொரைய யாரும் தொடக் கூடாது. இவரு ஓடிப்போய் இடுப்போட கட்டிப்புடிச்சு, ரோலர் பக்கமா இழுத்துத் தள்ளுனாரு. டின்னு விழுந்துச்சு. நெருப்பு தரையோட ஓடி வந்து, தொரை நின்ன எடத்துல ஆள் ஒசரத்துக்கு நின்னுச்சு. ஆம்பளைங்க ஈரச் சாக்கப் போட்டு அடிச்சாங்க. எவனோ ஒரு புத்திசாலி வாளித் தண்ணியக் கொண்டாந்து செவந்து கெடந்த எஞ்சின் தலையில ஊத்துனான். டக்குன்னு ஒரு சத்தம். தல ரெண்டா வெடிச்சிருச்சு.

நெருப்பு அணைஞ்சிருச்சு, யாருக்கும் காயமில்ல. அதுக்கப்புறம் நடந்ததுதான் எங்க தலையெழுத்து. தொரை எந்திரிக்கல. கழுத்துல மாலையோட, எம்புருஷனோட ரெண்டு காலையும் கட்டிக்கிட்டு அழுதாரு. சின்னப் புள்ளைங்க மாதிரி இல்ல, அதுங்க அழுதா ஒரு முடிவு இருக்கும். என்னென்னமோ பேரு சொல்லிச் சொல்லிக் கூப்புட்டாரு. அந்த டேங்கிக்குள்ள இருந்தவங்க பேரா இருக்கும். அந்தக் கண்ணீருல வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு இவருக்கு. இவரு என்ன பண்ணுவாரு, தொரை தலைய மெல்லத் தடவிக் குடுத்து, "ஒண்ணுமில்ல தொரை, ஒண்ணுமில்ல"ன்னாரு. தோட்டமே நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து, "தொரை உசுரக் காப்பாத்திருக்கேன், இனிமே நம்மளக் கப்பல்ல ஏத்த எவனாலயும் முடியாது"ன்னாரு. நானும் நம்புனேன். எங்கம்மாதான் படுத்தபடியே, "அவன் தலைய ஏன்டா தடவுன"ன்னு கேட்டுச்சு. அந்தக் கெழவிக்கு மட்டும் வெளங்கிருச்சு.

மறுநாள் தொரை ஸ்டோர் பக்கம் வரல. அடுத்த நாளும் வரல. அப்புறம் வந்தாரு, எம்புருஷன் நின்ன பக்கம் திரும்பவே இல்ல. கொஞ்ச நாள்ல பெரட்டுல பேரு கூப்புட்டாங்க.

எம்புருஷன் கிராணி ஐயா பின்னாலயே ஓடுனாரு. "ஐயா, என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்டுமில்லையடா. எஞ்சின் இல்லை, எஞ்சின்காரன் எதுக்கு?"

"வெளிக்காட்டுல புல்லு வெட்டுறேன் ஐயா. வேற தோட்டத்துக்கு எழுதிக் குடுங்க."

கிராணி ஐயா சுத்திமுத்தும் பாத்துட்டு மெதுவாச் சொன்னாரு. "உன்ர முகத்தைப் பார்த்தால் அவருக்கு அந்தப் பூசை நாள் நினைவு வருதாம். நான் கேட்டுப் பார்த்தனான். ரெண்டாந்தரம் கேட்டால் என்ர பேரும் அந்தக் கணக்கில வந்திடும்."

வேற தோட்டத்துக்கும் நடந்தாரு. சுங்கை ரம்பாய் வரைக்கும் போய்க் கேட்டாரு. எல்லா எடத்துலயும் ஆள அனுப்பிக்கிட்டு இருக்காங்க, யாரு சேத்துக்குவா. எனக்கு ரப்பர் மரத்துல பால் வெட்டுற வேல இருந்துச்சு, பொம்பளைக்குக் கூலி கம்மின்னு வச்சிருந்தாங்க. அம்மா கெடக்குது. நான் இருக்கிறது, அவரு மட்டும் போறதுன்னு ஆச்சு. கப்பலுக்கு ஆள் ஏத்திப் போக வந்த லாரியில ஏறும்போது, "ரப்பர் வெல ஏறுனா வந்துருவேன்"ன்னாரு. "ஏறாட்டியும் வாங்க"ன்னேன். அதுக்குச் சிரிச்சாரு. அந்தப் பல்லு வரிசை இப்பவும் தெரியுது எனக்கு.

ரப்பர் வெல ஏறுச்சு. எஞ்சினுக்குப் புதுத் தல வந்துச்சு. வேற ஒருத்தன் வந்து டுப்பு டுப்புன்னு ஓட்டுனான். டின்னெல்லாத்துக்கும் சாயம் அடிச்சுட்டாங்க, செவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு, எந்தச் சாம்பலாலயும் போகாது. கப்பல் கப்பலாப் புது ஆளுங்க வந்து எறங்குனாங்க. ஒவ்வொருத்தனையும் பாத்தேன். அம்மா போய்ச் சேந்துச்சு. அங்க அவரு இன்னொருத்தியக் கட்டிக்கிட்டாருன்னு ஒருத்தன் சொன்னான், வாந்திபேதியில போயிட்டாருன்னு ஒருத்தன் சொன்னான். எது வேணும்னு என்னைக் கேட்டா, மொதல்லதான் நல்லாருக்கு. திட்டவாவது ஆளு இருக்கும்.

ஒருநாள் நான் மரத்துல பால் வெட்டிக்கிட்டு இருக்கேன். தொரை அந்த வழியா வந்தவரு நின்னாரு. எந்தப் பொம்பளகிட்டயும் நின்னு பேசுற ஆளு இல்ல. அவரு தோட்டத்துத் தமிழ்ல கேட்டாரு.

"உன் புருஷன் எங்கே?"

"இந்தியாவுக்கு அனுப்பிட்டீங்களே தொரை."

பாதிக் காதத் தடவிக்கிட்டு நின்னாரு. பால் கோட்டுல எறங்கிச் செரட்டையில சொட்டுது, அதையே பாத்தாரு.

"ஆமாம்"ன்னாரு.

அப்புறம் போயிட்டாரு. நான் அடுத்த மரத்துக்குப் போனேன்.