ஃப்ரிட்ஜில் ஆறுமணிக்குருவி

சென்னையில் ஒரு மியூசியத்தில் பறவைப் பிரிவைப் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. செத்த பறவையின் தோலை உரித்து, பஞ்சு அடைத்து, இறகு கலையாமல் பாடம் செய்வேன். சிறகை அளப்பேன், அலகை அளப்பேன். இது எந்த இனம் என்று கூட வேலை செய்பவர்களோடு நாள் முழுக்கச் சண்டை போடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாடம் செய்த பறவைகளை அடுக்கிய இழுப்பறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்துருண்டை வாசனைக்கு, ஓய்வு பெற்ற பிறகும் மனசு ஏங்குகிறது.

எங்கள் வீடோ திருவண்ணாமலையில். கோவிலில் பூஜை செய்கிற குடும்பம். வெங்காயம்கூட வாசலோடு நின்றுவிடும். லீவுக்கு வந்து ஆட்டோவிலிருந்து இறங்கினால் என்னையும் அம்மா அங்கேயே நிறுத்துவாள்.

"கொல்லைப்பக்கமா போய் தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு உள்ள வாடி."

"பஸ்ஸுல வந்தேம்மா. இன்னிக்கு எதையும் தொடலை."

"நேத்திக்குத் தொட்டியோல்லியோ?"

பையை அங்கேயே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போவேன். தீபத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கார்த்திகைக் குளிரில் பல் கிட்டிக்கக் குளித்திருக்கிறேன். குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் என்ன செய்கிறேன் என்று அவர்கள் கேட்டால், "மியூசியத்துல ஏதோ ஆபீஸ் வேலை" என்று அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். அதுதான் சுருக்கென்று தைக்கும். அம்மா வாயால் ஒரே ஒரு தடவை என் வேலையை வேலை என்று கேட்டுவிட வேண்டும். எனக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அதற்கு ஈடாகவில்லை.

அப்பா போன பிறகு, ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் தம்பி கட்டிய புது வீட்டுக்கு அம்மா போய்விட்டாள். சுற்றிலும் பெரிய கண்ணாடி ஜன்னல்கள். ஒரு ஐப்பசியில் போன் செய்து, "நாளைக்கு வாயேன்" என்றாள். என்ன ஏது என்று சொல்லவில்லை. உடம்புக்கு ஏதோ என்று பதறியடித்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அன்றைக்கு என்னை வாசலில் நிறுத்தவில்லை. கையைப் பிடித்து நேரே சமையலறைக்குக் கூட்டிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அபிஷேகத்துக்கு எடுத்துவைத்த பால், தோசை மாவு, அதற்குக் கீழ்த்தட்டில் அப்பாவின் பழைய அங்கவஸ்திரத்தில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தேன். ஆறுமணிக்குருவி. குளிர்காலத்துக்காக வடக்கேயிருந்து வந்தது, ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்திருக்கிறது. பச்சை முதுகும் வாலடிச் சிவப்பும் கசங்காமல் இருந்தன. அலகுக்குள் கொஞ்சம் பஞ்சு.

அந்தப் பஞ்சைத்தான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயிலிருந்து ஏதாவது கசிந்து இறகு கெட்டுவிடாமல் இருக்க நாங்கள் முதலில் செய்கிற வேலை அது. புதிதாக வருகிறவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுவார்கள்.

"இதெல்லாம் யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"

"யார் சொல்லணும்? உங்கப்பாவுக்கு வெச்சோமே. போனவாளுக்கு வெக்கறதுதானே."

அவளே தொடர்ந்தாள்.

"பக்கத்தாத்து மாமா குப்பையில போட்டுடறேன்னார். தொடாதீங்கோ, இது எம் பொண்ணோட வேலைன்னுட்டேன். ஏண்டி, சரியா வெச்சிருக்கேனா?"

"ரொம்பச் சரியா இருக்கும்மா" என்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா பொட்டலத்தை என்னிடமிருந்து வாங்கி, பழையபடி சுற்றி உள்ளே வைத்தாள்.

"கையை அலம்பிண்டு வா, சாப்பிடலாம்" என்றாள்.