தொட்டியில் எழுதிய பெயர்

இல்லத்தின் லெட்டர் பேடில் அவளுக்கு நிறுவனர், இயக்குநர் என்று இரண்டு பட்டங்கள். போன வாரம் இல்லத்துக்கு உதவும் இரும்புக்கடைக்காரர் போன் செய்தபோது அந்த இரண்டு பட்டங்களும் குளியலறை அடைப்பில் முழங்கை வரை கைவிட்டுக்கொண்டிருந்தன. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"தண்ணித் தொட்டி புதுசா ஒண்ணு அனுப்புறேம்மா. கூடவே நம்ம பெயிண்டரும் வருவான். எங்க பொண்ணு பேரை அதுல போட்டுக்கலாமா?"

"தாராளமா போடுங்கய்யா," என்று சொல்லிவிட்டு மறுபடி அடைப்புக்குத் திரும்பினாள். கையகலத்தில் ஏதோ எழுதுவார்கள் என்பது அவள் நினைப்பு.

அது அடி உதை தாங்காமல் ஓடிவந்த பெண்கள் ஒளிந்திருக்கும் வீடு. இத்தனை வருஷமாக வாசலில் பலகை கிடையாது. காய்கறிகூட நாலு தெரு தள்ளித்தான் வாங்குவார்கள். யாராவது கேட்டால் லேடீஸ் ஹாஸ்டல். புதிதாக வருகிறவளுக்குத் தலையணை கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பாடம்தான் நடக்கும். பாடம் எடுக்கிறவளே கோட்டை விட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

இன்று மதியம் வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தெருமுனையிலிருந்தே அது தெரிந்தது. மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி. அதன்மேல் முழ உயர மஞ்சள் எழுத்தில் 'பெண்கள் பாதுகாப்பு இல்லம்'. அதற்குக் கீழே போன் நம்பர். அதற்கும் கீழே 'அன்பளிப்பு' என்று போட்டு, இரும்புக்கடைக்காரரின் செத்துப்போன மகளின் பெயர். படிகளை இரண்டிரண்டாகத் தாவி மேலே போனாள்.

பெயிண்டர் தள்ளி நின்று தன் கைவண்ணத்தை ரசித்துக்கொண்டிருந்தான். "நம்பர் போடச் சொல்லி ஐயா சொல்லலைம்மா. நாலு பேருக்கு உதவட்டுமேன்னு நானாத்தான் போட்டேன்," என்றான். அவனைத் திட்டவும் வாய் வரவில்லை. மனுஷன் பாவம், நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மாடிக்கு எதிரே, கண்ணுக்கு நேராக மேம்பாலம். ஊரின் பாதி பஸ் அதன்மேல்தான் போகிறது. அதில் ஒன்றை ஓட்டுகிறவன், இந்த வீட்டில் ஒளிந்திருந்து எல்லோருக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் டெய்லரின் புருஷன். எங்கே ஒளிந்தாலும் தேடிப்பிடித்து வெட்டுவேன் என்று கோர்ட் வாசலிலேயே சொன்னவன்.

டெய்லர் தன் குழந்தையை இடுப்போடு அணைத்தபடி மாடிப்படியில் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, அவருக்கு மதிய டியூட்டி. ரெண்டரைக்கெல்லாம் பாலம் ஏறிடுவார்."

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. "நீ கீழே போ. நான் பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு, பெயிண்டரை இன்னொரு டப்பா தின்னர் வாங்க அனுப்பினாள். அவனிடம் மிச்சமிருந்ததைக் கந்தல் துணியில் ஊற்றித் துடைக்க ஆரம்பித்தாள். பெயிண்ட் இன்னும் காயாததால் எழுத்து துணியோடு இழுபட்டு வந்தது. இல்லத்தின் பெயர் போயிற்று. நம்பரின் கடைசி எண் போகும்போது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். இரும்புக்கடைக்காரரும் அவர் மனைவியும் தொட்டியைப் பார்க்க மேலே வந்திருந்தார்கள்.

"என்னம்மா இது?"

அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியாக, "பேரையும் அழிக்கணும்யா," என்றாள்.

அவர் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "இல்லம்னு எழுதினதை அழிச்சாச்சு. நம்பரும் போயாச்சு. என் பொண்ணு பேரு யாரை என்ன செய்யும்?"

"உங்க கடைக்கும் அந்தப் பேருதானே. அதே எழுத்து, அதே மஞ்சள். கடையில எங்களுக்கு உண்டியல் வச்சிருக்கீங்கன்னு ஊருக்கே தெரியும். அந்த டிரைவர் அங்கே வந்து விசாரிச்சான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தாராளமா போடுங்கன்னு சொன்னதும் நீங்கதானே?"

"நான்தான் சொன்னேன். தப்பு என்னோடதுதான். ஆனா வெட்டு வாங்கப்போறது நான் இல்லையே."

வீட்டு வாடகை கொடுப்பவர் அவர். அவர் கையை விரித்தால் பதினொரு பேர் நடுத்தெருவில். அதைவிட, காய்ச்சலில் போன மகளின் பெயரைத் தகப்பன் கண்முன்னாலேயே அழிக்கக் கேட்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. அவர்மேலும் ஆத்திரம் வந்தது. இவ்வளவு பெரிதாகவா எழுதச் சொல்வார் ஒரு மனுஷன்?

அவர் நகரவில்லை. மனைவிதான் வாயைத் திறந்தார். "படியில குழந்தையோட நின்னுச்சே, அந்தப் பொண்ணா?"

யார் என்று வெளியாளிடம் சொல்வதில்லை. அவள் பேசாமல் நின்றாள். அந்த அம்மாளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"நகருங்க," என்றார் கணவரிடம். "நேரமாகுது."

அவர் நகர்ந்தார். அழிப்பதைப் பார்க்க மனம் வராமல் பாலத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவள் துடைத்தாள். முதல் எழுத்து. இரண்டாவது. தின்னர் கண்ணை எரித்தது, கையில் வேகம் போதவில்லை.

"பஸ் ஒண்ணு ஏறுதும்மா," என்றார் அவர், திரும்பாமலே. பிறகு குரல் மாறியது. "சீக்கிரம்மா. சீக்கிரம்."

"இன்னும் ரெண்டு எழுத்து இருக்குய்யா."

அவர் விறுவிறுவென்று வந்து, மிச்சமிருந்த இரண்டு எழுத்தின்மேலும் முதுகைப் பதித்து நின்றார். பாலத்தின் உச்சியில் பஸ் எதற்கோ வேகம் குறைந்தது. டிரைவர் இருக்கையில் ஒரு தலை தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பியதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. பஸ் இறங்கிப் போனது.

அவர் தொட்டியிலிருந்து விலகியபோது வெள்ளைச் சட்டை பிசுபிசுவென்று பிரிந்து வந்தது. முதுகில் மஞ்சளாக இரண்டு எழுத்து, இடவலம் மாறி. தொட்டியில் மிச்சமிருந்ததை அவள் துடைத்து முடித்தாள். மூன்று பேரும் கீழே இறங்கினார்கள்.

வாசல் கதவைத் திறப்பதற்கு முன் அவள் தயங்கினாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் மனசு சொன்னது.

"அம்மா," என்றாள் அவர் மனைவியிடம், "கார் நிக்கிற இடம் வரைக்கும் நீங்க ஐயாவுக்குப் பின்னாடியே ஒட்டி நடங்க. முதுகு வெளியே தெரியக் கூடாது."

அந்த அம்மாள் சரியென்று கணவரின் பின்னால் வந்து நின்றார். அவர் கதவைப் பார்த்தபடியே கேட்டார்.

"வீட்டுக்குப் போனதும் இந்தச் சட்டையை வச்சுக்கலாமாம்மா? வெளியே போட்டுக்க மாட்டேன். பீரோக்குள்ளேதான்."

அவள் சரியென்று தலையை ஆட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள்.