வரைபடத்தில் இல்லாத கோடுகள்

சாலையில் வெள்ளைக்கோடு போடும் கூட்டத்தில் அவருக்கு நூல்காரர் என்று பெயர். சுண்ணாம்பு தடவிய நூலைத் தரையில் இழுத்துச் சுண்டி, கோடு எங்கே விழவேண்டும் என்று குறிப்பவர் அவர்தான். மற்றவர்கள் அதன்மேல் கொதிக்கும் பெயின்ட்டை ஊற்றிக்கொண்டு போவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அளவு ஒரு விரற்கடை பிசகியதில்லை. இதை அவரே ஆளுக்கு நாலு தடவை சொல்லியிருப்பார்.

நகரத்தை இரண்டாக வகிர்ந்துகொண்டு ஓடும் தேசிய நெடுஞ்சாலைதான் அவருக்குச் சோறு போட்டது. அதே சாலையை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டித்தான் அவர் மனைவி தினமும் தையல் கம்பெனிக்குப் போனாள். கம்பெனி வாசலில் ஆள் கடக்கும் கோடு போடச் சொல்லிப் பன்னிரண்டு வருஷமாக நச்சரித்தாள். கோடு வரைபடம் சொல்கிற இடத்தில் விழும், பெண்டாட்டி சொல்கிற இடத்தில் விழாது என்பார் இவர். போன மாதம் அவளுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிறவள் அங்கே அடிபட்டுக் காலை ஒடித்துக்கொண்டாள். அதோடு இவள் கேட்பதையே விட்டுவிட்டாள். நச்சரிப்பைவிட அந்த மௌனம் அவரைப் படுத்தியது.

அந்தச் சாலையோரம் இரண்டு வகைக் கிலோமீட்டர் கற்கள் உண்டு. ஒன்று நெடுஞ்சாலைத் துறை நட்டது, இன்னொன்று மாநகராட்சி நட்டது. எண் ஒன்றுதான், இடம்தான் வேறு. நாடாவைத் துறைக்கல்லில் வைத்துத்தான் அளக்கவேண்டும் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் வீட்டில் பாடம் நடத்துவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலை, தார் போட்டவர்கள் துறைக்கல்லை மண்ணில் மூடிவிட்டுப் போனதைக் கவனிக்காமல், மாநகராட்சிக் கல்லில் நாடாவை வைத்துவிட்டார். ஈ காக்கை நடக்காத பெட்ரோல் பங்க் பக்கம் விழவேண்டிய ஆள் கடக்கும் கோடு, கம்பெனி வாசலுக்கு நேராக விழுந்தது.

பெயின்ட் இறுகிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்து, தையல் பெண்கள் கோட்டில் இறங்கிவிட்டார்கள். லாரிகள் முணுமுணுத்துக்கொண்டே நின்றன.

பிற்பகலில் இன்ஜினியர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், விஷயத்தை உடைத்தே சொன்னார். தவறிப் போட்டதென்றால் நாளைக்கே சுரண்டிவிடலாம், நூல்காரர்மேல் குறை எழுதமாட்டார். தேவையைப் பார்த்துப் போட்டதென்றால் அப்படியே எழுதிக் கோட்டை அங்கேயே இருக்கவிடுவார். ஆனால் கேட்காமல் போட்டவர் கையில் இனி நூலைக் கொடுக்க முடியாது.

நூல்காரர் கம்பெனி வாசலைப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் போட்டேன் சார்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். நாளையிலிருந்து பெயின்ட் அடுப்பைக் கிண்டும் வேலை என்றும் சொன்னார். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"காலைல கம்பெனி மாடி ஜன்னல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். தப்பான கல்லுல நாடாவ வச்சீங்க. கூப்பிட்டிருந்தா காதுல விழுந்திருக்கும். நான் கூப்பிடல."

அவள் மறுபடி துணியைக் கையில் எடுத்தாள்.

"கோட்ட சுரண்டிடுவாங்களோன்னுதான் நாள் பூரா பயந்தேன். உங்களப் பத்தி நினைக்கவே இல்ல."

நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். ஆனால், தான் பன்னிரண்டு வருஷம் அவளைப் பற்றி நினைக்காமல் இருந்ததுதான் நினைவுக்கு வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மீதித் துணியை மடிக்க ஆரம்பித்தார்.