மாமா உண்டாக்கிய தங்கச்சி

என் மாமாவுக்கு ஒரு வியாதி உண்டு. யாரைப் பார்த்தாலும் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் சிங்காநல்லூரில் இறங்குவதற்குள் மாமாவுக்கு மச்சான் முறை ஆகியிருப்பார். வெட்டிப் பேச்சு என்று தம்பியைத் திட்டாத நாளில்லை அம்மாவுக்கு. ஆனால் அந்த வெட்டிப் பேச்சை நம்பித்தான் ஒரு நாள் அவளே ஒரு காரியத்தை அவர் தலையில் கட்டினாள்.

எங்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற அக்கா ஒருவர் இருந்தார். இலங்கையிலிருந்து படகேறி வந்து, ஊருக்கு வெளியே அகதிகள் முகாமில் குடியிருந்தவர். பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில் அவருடைய வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டார். தையலில் வருவது மருந்துக்கே காணவில்லை. அக்கா நாலைந்து பட்டறைகளில் வேலை கேட்டுப் போனார். முகாம் என்ற சொல்லைக் கேட்டதுமே எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். நாளைக்குப் போலீஸ் வந்து விசாரித்தால் யார் பதில் சொல்வது என்று அவர்களுக்குப் பயம்.

"தெரிஞ்சவங்க யாராச்சும் சொன்னாத்தான் எடுப்பாங்களாமா. நீதான் ஊரையே தெரிஞ்சு வெச்சிருக்கறயே, ஒரு எடத்துல சொல்லேன்" என்றாள் அம்மா. மாமா அன்றே சட்டையை இஸ்திரி போட்டுவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு பெண்ணை அவர் மட்டும் கூட்டிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அம்மா என்னையும் துணைக்கு அனுப்பினாள். அப்படித்தான் நானும் அந்த மோட்டார் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, 'காயில்' கட்டுகிற இடம் அது. முதலாளிக்கு முப்பது வயதிருக்கும், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அக்காவைக் காட்டி யார் என்று கேட்டார். மாமா யோசிக்கவே இல்லை.

"நம்ம சொந்தந்தானுங்க."

எங்கள் பக்கத்தில் இந்தப் பதிலோடு பேச்சு முடிவதில்லை, அப்போதுதான் ஆரம்பிக்கும். எந்த ஊர் என்றார் முதலாளி. ஆனைமலைப் பக்கம் என்றார் மாமா. என்ன கூட்டம் என்றார் முதலாளி. கூட்டம் என்றால் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளிகள். மாமா வாய்க்கு வந்த ஒரு கூட்டத்தின் பெயரைச் சொன்னார். கொங்கு நாட்டில் அத்தனை கூட்டம் இருக்க, அவர் வாய்க்கு வந்தது முதலாளியுடைய கூட்டம்.

"அட, நம்ம கூட்டமுங்களா! அப்ப எனக்குத் தங்கச்சியாகுதுங்க. வேல பழகிக்குவீங்களா அம்மணி?"

"ஓம்" என்று இலங்கைப் பேச்சில் ஆமாம் சொன்னார் அக்கா.

"பாலக்காட்டுல வளந்த புள்ளைங்க, பேச்சுல மலையாளம் அடிக்கும்" என்று மாமா குறுக்கே விழுந்தார். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா இரண்டே மாதத்தில் வேலையைப் பிடித்துக்கொண்டார். அவர் கட்டிய மோட்டார் ஒன்றுகூடப் புகைந்து திரும்பி வரவில்லை என்று மாமா, தானே கம்பி சுற்றியதுபோல் வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் பக்கத்தில் சகோதரி உட்கார்ந்து செய்கிற சீர். அது நடக்காமல் கல்யாணம் நகராது.

"எனக்குக் கூடப் பொறந்தது யாருமில்லீங்க. தங்கச்சின்னு ஒருத்தங்க இருக்கறப்ப வேற ஆள எதுக்குத் தேடோணும்? அவுங்களே செய்யட்டுமுங்க."

மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. முதலாளி போனதும் அம்மா மாமாவை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அன்றைக்கு மட்டும் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றார் மாமா. ஆனால் விஷயத்தைக் கேட்ட அக்கா, நாளைக்கே போய் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டார். வேலை போய்விடும் அம்மணி என்று அம்மா கெஞ்சியும் கேட்கவில்லை. எனக்கோ அக்காவின்மேல் ஆத்திரம். பட்டுச்சேலை கட்டி மணமேடையில் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டியதுதானே? பின்னாலேயே நானும் ஏறி நின்றிருப்பேன்.

மறுநாளும் நான்தான் துணை. பட்டறையில் எல்லோர் முன்னாலும் அக்கா சொன்னார்.

"அண்ணை, நான் உங்கட கூட்டமில்லை. முகாமில இருக்கிற ஆள். எனக்கெண்டு ஒரு அண்ணை இருக்கிறார். அவருக்குச் செய்ய வேண்டிய சீரைப் பொய் சொல்லி உங்களுக்குச் செய்ய என்னால ஏலாது. வேலை இல்லையெண்டாலும் பரவாயில்லை."

காயில் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். முதலாளியின் முகம் சிவந்தது. மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, பொய் சொல்றதுதான் சொல்றீங்க, எங்க கூட்டந்தானா கெடச்சுது?"

முதலாளி அக்காவின் பக்கம் திரும்பினார்.

"சீருக்குப் பெரியப்பா புள்ளையக் கூப்பிட்டுக்கறனுங்க. ஊரு ஒத்துக்கோணுமல்லங்க. ஆனாக் காயில் கட்டறதுக்குக் கூட்டம் எதுக்குங்க? முகாம்ல ஆள் கணக்கெடுக்கற செக்கிங் இருக்கற அன்னைக்குச் சொல்லிப்போட்டுப் போங்க. போலீஸ் வந்தா நான் பேசிக்கறேன். கல்யாணத்துக்கு மட்டும் வராம இருந்தறாதீங்க."

அக்கா கை கூப்பினார். அதே பட்டறையில் இன்றைக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் அவர்தான் பழக்குகிறார்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவிடம் கேட்டேன்.

"உங்க அண்ணன் எங்கீங்க்கா இருக்கறாரு?"

"தெரியாது பிள்ளை. சண்டைக்குள்ள பிரிஞ்சிட்டம்."

முகவரியைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். "அவரையும் கல்யாணத்துக்கு வரச் சொல்லுங்க."

"வந்தா நல்லம்தான்" என்று என் தலையைத் தடவினார். வருவார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு வைத்தேன். உட்கார வந்த இரண்டு பேரை விரட்டியும் விட்டேன். இலை போட்டு இனிப்பும் வைத்துவிட்டார்கள். அப்போதுதான் அக்கா வந்தார். இடம் யாருக்கு என்று கேட்டார்.

"உங்க அண்ணனுக்குத்தானுங்க. இன்னும் காணமே?"

அந்த இலையைப் பார்த்தபடி அக்கா நின்றார். சோறு பரிமாறுகிறவர் நெருங்கி வந்துகொண்டிருந்தார். அக்கா கைக்குட்டையை எடுத்து மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு நேரம் காபந்து பண்ணிய இடத்தை இவரே பிடித்துக்கொண்டாரே என்று எனக்குப் பொல்லாத கோபம். வைத்ததில் எதையும் வேண்டாம் என்று சொல்லாமல், ஒரு பருக்கை மீதம் வைக்காமல் அவர் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ரசம் ரொம்பக் காரம் போலிருக்கிறது என்று என் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.