அம்மா வழியாகப் பேசிய இருவர்

அலுவலக வாசலில் புல் வெட்டும் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பழைய பெட்ரோல் வாசம் என்னைத் திருத்தணிக்குக் கொண்டுபோனது.

அங்கே ஒரு விடுதியில் அப்பா தோட்டக்காரர். ஒருமுறை, மறுநாள் அதிகாரி வரவிருக்க, மெஷின் கிளம்பவில்லை. மெக்கானிக்கான மாமாவோடு அப்பாவுக்கு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அம்மாதான் தன் தம்பியான அவரைக் கூட்டிவந்தாள்.

மாமா கார்புரேட்டரைக் கழற்றினார். “அக்கா, பெட்ரோல் எத்தினி மாசமா நிக்குதுன்னு கேளு.”

“ஆறு மாசம்னு சொல்லு,” என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

அடைத்திருந்த துளையை மாமா வாய்வைத்து உறிஞ்ச, பெட்ரோல் தொண்டைக்குள் போய்விட்டது. மூச்சு முட்ட இருமினார்.

அப்பா ஓடிவந்து முதுகைத் தட்டினார். “மெஷின் கெடக்குது, மொதல்ல தண்ணி குடிப்பா.”

அடைப்பு எடுத்து மாட்டியதும் மாமா அப்பாவிடமே சொன்னார்: “ஆங், கயித்த இழுங்க பாவா.”

மெஷின் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் இருவரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை.