அண்ணன் சொன்ன சாட்சி

எனக்கு ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது. இன்னொன்று என் அண்ணனிடம் இருக்கிறது. அதை ஆண்டவரே தன் உடம்புக்குள் வைத்தார் என்று அவன் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவன் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பத்தாவது முடித்த கையோடு அண்ணன் நாங்கள் குடியிருந்த தாராவியிலேயே ஒரு பை தைக்கும் பட்டறையில் சேர்ந்தான். பிறகு முலுண்டிலிருந்து சரக்கு டெம்போ ஓட்டினான். நான் டிகிரி முடித்ததும், மாட்டுங்காவில் ஒரு கண் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்ததும் அவன் உழைப்பில்தான். முதல் நாள் வேலைக்குப் போனபோது ஸ்டேஷன் படி வரை கூடவே வந்து, "எவனாவது ஒரு மாதிரி பேசுனா எனக்குப் போன் பண்ணுட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவனுக்குக் கல்யாணமாகி இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் கால் வீங்கியது. முகம் வீங்கியது. வண்டி ஓட்டுகிற அலைச்சல் என்று நினைத்தோம். பரிசோதனை செய்தபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்றார்கள். அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ்.

அண்ணன் மனைவி, என் மைனிக்குக் கைப்பிள்ளை. அம்மாவால் ஆஸ்பத்திரி மாடிப் படிகளை ஏற முடியாது. ஆகவே நான் கிளினிக்கில் அரை நாள் சொல்லிக்கொண்டு அவனோடு போவேன். மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் அவனுக்கு வேதம் வாசித்துக் காட்டுவேன். அண்ணன் இந்தியில் படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் எனக்கு அது சரளம்.

அவனுக்குப் பிடித்தது மகனைப் பலியிட மலைக்குக் கூட்டிப் போன தகப்பனின் கதை. திரும்பத் திரும்ப அதையே வாசிக்கச் சொல்வான். ஒரு நாள் கேட்டான்.

"அந்தப் பயலுக்குத் தெரியுமாட்டி, தன்னையத்தான் வெட்டப் போறாவன்னு?"

"தெரியாதுண்ணே. ஆடு எங்கன்னு கேக்கான்ல?"

"எனக்குத் தெரியும். அதான் தாங்க முடியல" என்றான். டியூப் குத்தியிருந்த கையை அசைக்காமல் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் அம்மா கொடுக்க முடியாது. மைனிக்கு ரத்தம் சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக் கமிட்டி முன்னால் என்னைத் தனியாக உட்கார வைத்து ஒரு பெண் டாக்டர் இந்தியில் கேட்டார், யாராவது வற்புறுத்தினார்களா என்று. இல்லை என்றேன். இன்னும் கல்யாணமாகவில்லையே, யோசித்தாயா என்றார். யோசித்தேன் என்றேன். தன் ஜீவனை ஒருவரும் பறித்துக்கொள்வதில்லை, தானாகவே கொடுப்பதாக இயேசு சொல்லுகிற இடம் அப்போது என் மனதில் இருந்தது. ஆனால் அதை அந்த அம்மாளிடம் எப்படி இந்தியில் சொல்வது என்று தெரியவில்லை.

ஆபரேஷன் அன்று எங்கள் ஜெபவீட்டுப் போதகர் வந்து எங்கள் இருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். நான் கண் விழித்தபோது பக்கவாட்டில் யாரோ கொதிக்கிற இரும்பை வைத்து அழுத்துவது போல இருந்தது. இருமினால் உயிர் போனது. ஆனாலும் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சிறு வயதிலிருந்து ஞாயிறு வகுப்பில் பலி, மீட்பு, ரட்சிப்பு என்று கேட்டிருக்கிறேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற வார்த்தைகளாகத்தான் அவை எனக்கு இருந்தன. அப்போதுதான் முதல் முறையாக என் உடம்புக்கு அவை புரிந்தன. ஒருவர் பிழைக்க இன்னொருவரின் உடம்பு பிட்கப்பட வேண்டியிருக்கிறது. அதில் வலி இருக்கிறது, வருத்தம் இல்லை.

அண்ணனை நாற்காலி வண்டியில் என் வார்டுக்குக் கூட்டி வந்தார்கள். முகத்தில் வீக்கம் வடிந்து பழைய அண்ணனாக இருந்தான். "இனி இந்த உயிரு ஒன்னோடதுட்டி" என்று சொல்லி, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதான்.

ஜெபவீட்டில் முதல் முறை சாட்சி சொன்னபோதும் என்னை எழுந்து நிற்கச் சொன்னான். ஆண்டவர் என் தங்கச்சி மூலமாக எனக்கு உயிர் கொடுத்தார் என்றான். எனக்குக் கூச்சமாக இருந்தது. இனிமேல் என்னை எழுப்பாதே என்று வீட்டில் சொன்னேன். அதுதான் நான் கேட்டது. இல்லாமலே ஆக்கிவிடு என்று கேட்கவில்லை.

அண்ணனுக்குப் பேச வரும். ஆஸ்பத்திரியில் நான் வாசித்ததெல்லாம் அவன் நெஞ்சில் தங்கியிருந்தது. வெளியிலிருந்து வந்த ஊழியக்காரர்கள் சிலர் அவனைத் தங்கள் கூட்டங்களுக்கு அழைத்தார்கள். டெம்போவை விட்டுவிட்டு ஊழியத்துக்கே வந்துவிட்டான். குடும்பத்தோடு சான்பாடாவுக்குக் குடி போனான். நாங்களும் சந்தோஷப்பட்டோம். கூட்டங்கள் எல்லாம் தூரத்தில் நடந்ததால் நான் போனதில்லை.

பிறகு செம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய கூட்டம் போட்டார்கள். பக்கம்தானே என்று நானும் அம்மாவும் போனோம். கொஞ்சம் தாமதமானதால் பெண்கள் பகுதியில் கடைசியாக உட்கார்ந்தோம். அண்ணன் வெள்ளைச் சட்டையில் மேடையேறினான். அவன் தமிழில் சொல்லச் சொல்ல இன்னொருவர் இந்தியில் சொன்னார்.

டாக்டர்கள் கைவிட்டார்கள் என்றான். மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஆளே கிடைக்கவில்லை என்றான். பெற்றவளும் கூடப் பிறந்தவளும் கூடக் கொடுக்க முடியாமல் போனது என்றான். ராத்திரி முழுக்க அழுது ஜெபித்தேன், விடியற்காலையில் வயிற்றில் அக்கினி போல ஒரு கை வந்து தொட்டது, ஸ்கேன் எடுத்தால் புது சிறுநீரகம் இருக்கிறது, டாக்டரே மயங்கி விழாத குறை என்றான்.

மண்டபம் முழுக்க அல்லேலூயா என்று எழுந்து நின்றது. நான் உட்கார்ந்தே இருந்தேன். வேறு யாருடைய கதையையோ சொல்கிறான், இப்போது தன் கதைக்கு வருவான் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். அப்போது என் பக்கத்தில் எழுந்து நின்ற அம்மா இரண்டு கையையும் உயர்த்தி உரக்கச் சொன்னாள்:

"ஆமென்!"

அண்ணன் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் திகைப்புதான் வந்தது. அம்மாவின் குரலைக் கேட்டபோதுதான் பயம் வந்தது. அந்த அறுவைக்குப் பிறகு என்னைக் குளிப்பாட்டி, கட்டுத் துணி நனையாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

அடுத்த ஞாயிறு அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சாப்பிட்டுக் கை கழுவும் வரை பொறுத்திருந்தேன்.

"ஏண்ணே அப்பிடிச் சொன்ன?"

எதைக் கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்தது. துண்டில் நிதானமாகக் கை துடைத்தான்.

"ஆப்பரேசன்னு சொன்னா எவன்ட்டி கேப்பான்? மும்பையில தெனமும் நடக்கு. கேக்குறவனுக்கு விசுவாசம் வரணும்ல?"

"பொய்யக் கேட்டா வரும்?"

"பொய்யில்ல. ஒன் மனசத் தெறந்தது யாரு? ஆண்டவருதான? அப்போ குடுத்ததும் அவருதான். நடுவுல உள்ளதச் சுருக்கிச் சொல்லுதேன்."

"சுருக்கலண்ணே. கூடப் பொறந்தவ குடுக்க முடியலன்னு சொன்ன."

அவன் சிரித்தான். குழந்தையைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு. "வலது கை செய்யது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு நீதான எனக்கு வாசிச்சுக் காட்டுன?"

"அது குடுத்தவளுக்குச் சொன்னது. வாங்குனவனுக்குச் சொன்னதில்ல."

அம்மா இடையில் வந்தாள். "இப்போ ஒனக்கு என்னட்டி வேணும்? ஒம்பேர மைக்ல சொல்லணுமா? ஆத்துமா ரட்சிக்கப்படுதே, அது பெருசில்லியா? அதுவுமில்லாம, கிட்னி குடுத்தவன்னு தெரிஞ்சுதான ரெண்டு மாப்பிள்ள வீட்டுக்காரவுக வேண்டாம்னு போனாவ. தெரியாம இருந்தா ஒனக்கும் நல்லதுதான்."

"நீ ஏம்மா ஆமென் சொன்ன?"

"எம்புள்ள மேடையில நிக்கான். வேற என்னத்தச் சொல்ல?" என்றாள்.

போதகரிடம் போனேன். ஆபரேஷன் அன்று என் தலையில் கை வைத்தவர். அவர் சொன்னார்: "இத இப்போ பெருசாக்க வேண்டாம்மா. ஒங்க அண்ணன் மேல ஆண்டவரோட அபிஷேகம் இருக்கு."

பல நாள் என்னையே கேட்டுக்கொண்டேன், எனக்கு நன்றிதான் வேண்டுமா என்று. பெயர்தான் வேண்டுமா? அப்படியானால் நான் கொடுத்தது பலியே இல்லை, வியாபாரம். அப்படி நினைத்து வாயை அடக்கிக்கொண்டேன். வேதத்தைத் திறந்தால் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அண்ணனின் குரலே கேட்டது. அதனால் கொஞ்ச காலம் வாசிக்கவும் இல்லை.

இரண்டு சந்து தள்ளி ஒரு பெண் புதிதாகக் குடிவந்து, எங்கள் ஜெபவீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தாள். வடை சுட்டு விற்பாள். அவள் புருஷனும் டயாலிசிஸில் இருந்தவர். ஒரு சாயங்காலம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க அண்ணன ஒரு நா வீட்டுக்கு வரச் சொல்லுங்கக்கா. கை வச்சு ஜெபிச்சாப் போதும்."

"சொல்லுதேன். அவரு எப்பிடி இருக்காரு? டயாலிசிஸ் ஒழுங்காப் போறாருல்ல?"

"நிறுத்திட்டோம்க்கா. போன வாரத்துலேருந்து போகல. செம்பூர் கூட்டத்துக்கு நாங்களும் வந்தோம். ஒரு பக்கம் ஜெபம், ஒரு பக்கம் மெஷின்னா அது சந்தேகப்படுறதுதான? சந்தேகப்பட்டா அற்புதம் எப்பிடி நடக்கும்?" என்று சொல்லிவிட்டு, "நேத்துலேருந்து மூச்சு வாங்குது. படுக்க முடியல" என்றாள்.

அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். சேலையை விலக்கி, பக்கவாட்டில் விலாவுக்குக் கீழே ஓடுகிற தழும்பைக் காட்டினேன்.

"இது என்னக்கா?"

"எங்கண்ணனுக்குள்ள இருக்கது இங்கேருந்து எடுத்தது. ஆஸ்பத்திரியில எடுத்தாங்க. அவனுக்கும் முன் வயித்துல இதே மாதிரி ஒண்ணு இருக்கு."

நம்பாமல் விரலால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவிப் பார்த்தாள். பிறகு அவள் கேட்ட கேள்விக்கு நான் தயாராக இல்லை.

"அப்போ இத்தன நாளு ஏன்க்கா நீங்க யாருகிட்டயும் சொல்லல?"

பதில் சொல்ல நேரமில்லை. அவள் புருஷனைத் தூக்காத குறையாகச் சந்திலிருந்து வெளியே கொண்டு வந்து டாக்சியில் ஏற்றினோம். நுரையீரலில் நீர் ஏறியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் திட்டினார். ஆள் பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண் அதன் பிறகு ஜெபவீட்டுப் பக்கம் வரவில்லை. எந்த ஜெபவீட்டுக்கும் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதுவும் அண்ணனின் கணக்கில்தான் சேரும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, உயிர்த்தெழுந்த இயேசுவை நம்பாத சீஷனின் நினைவு வந்தது. சாவையே ஜெயித்து எழுந்தவருக்குத் தழும்பில்லாத உடம்போடு வந்து நிற்பதா கஷ்டம்? அவர் அப்படி வரவில்லை. ஆணிக் காயத்தோடும் குத்தப்பட்ட விலாவோடும் வந்தார். தொட்டுப் பார் என்று காட்டினார். இத்தனை வருஷம் அதை நம்பிக்கை குறைந்தவனின் கதை என்றே படித்திருக்கிறேன். காயத்தை மறைக்காதவரின் கதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ ஒருவர் வலி பட்டிருக்கிறார், அதை மறைத்துவிட்டுச் சொல்கிற ரட்சிப்பில் யாருக்கும் விடுதலை இல்லை. நான் பெயருக்கு ஆசைப்படவில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெளிவானது.

நான் தழும்பைக் காட்டிய விஷயம் தெருவில் பரவிவிட்டது. அண்ணன் வந்தான். உட்காரவில்லை.

"குடும்ப விசயத்தத் தெருவுக்குக் கொண்டாந்துட்டல்ல? ஒரு ஊழியத்தையே அழிச்சிட்ட."

"அந்த மனுசன் செத்திருப்பான்ணே."

"ஆண்டவர் பாத்துக்கிட்டிருப்பாரு."

இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து பயத்தில் முகம் திருப்பிக்கொண்ட அதே ஆள்தானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையும் மாலையும் அவன் விழுங்குகிற மாத்திரை டப்பா சட்டைப் பைக்குள் புடைத்துக்கொண்டிருந்தது. என் சிறுநீரகத்தை அவன் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அதை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். மேடைக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுகிறான் என்று மைனி பிறகு போனில் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

அம்மா தன் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவனோடு கிளம்பினாள். பேரப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்றாள். நான் தடுக்கவில்லை.

ஊழியம் ஒன்றும் அழியவில்லை. தாராவிப் பக்கம் வருவதில்லை, அவ்வளவுதான். இப்போது உல்லாஸ்நகர் பக்கம், எங்களைத் தெரியாதவர்கள் நடுவில், இந்தியிலேயே பேசுகிறான். அங்கே எடுத்த வீடியோ ஒன்றை யாரோ எனக்கு அனுப்பினார்கள். கதை இன்னும் வளர்ந்திருக்கிறது. அதில் இப்போது ஒரு தேவதூதனும் வருகிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆள் நன்றாக இருக்கிறான், முகத்தில் வீக்கமில்லை என்று என் கண் தானாகக் கவனித்தது. அது எனக்கே எரிச்சலாக இருந்தது.

நான் இப்போது வேறொரு சபைக்குப் போகிறேன். பழைய கோயில், பழைய பாட்டு, கடைசி பெஞ்சு. மறுபடி வாசிக்கிறேன், எனக்காக மட்டும். ஆராதனையில் எல்லாரோடும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்கிறேன். எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று சொல்லுகிற இடம் வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். ஆண்டவர் முன்னால் நின்றுகொண்டு இல்லாததைச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்த வரி முடிந்ததும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறேன்.