மாமாவின் முதுகுக்குச் சொன்ன விஞ்ஞானம்

என் மகள் ஆங்கில வினைச்சொற்களைக் கைத்தொலைபேசியிடம் கேட்டுப் படிக்கிறாள். அதற்குக் கோபம் வருவதில்லை, மூச்சு வாங்குவதுமில்லை. நான் அவற்றைப் படித்தது மாமாவின் சைக்கிள் கரியரில்.

மாமா, அம்மாவின் தம்பி. நகரத்தில், ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு கந்தோரில் சின்ன உத்தியோகம். காலையில் எங்கள் ஊர் சாம்பல்தீவிலிருந்து என்னை ஏற்றிவந்து நகரத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவார். அந்த வருடம் அவர் பதவி உயர்வுச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்து நான் புத்தகத்தைப் பார்த்துக் கேட்பேன். அவர் மிதித்தபடி பதில் சொல்வார். நான் "கோ" என்றால் ஒரு மிதிக்கு "வென்ட்", மறு மிதிக்கு "கோன்". பாலத்தடியில் எதிர்காற்று அடித்தால் பதிலும் வராது, சைக்கிளும் நகராது. "பிரிங்" கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வரும்.

"காத்தில விளங்கேல்ல பிள்ளை, பலமாக் கேள்!" என்று கத்துவார். வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிக்கிற நான், வியர்வையில் நனைந்த அந்த முதுகோடு மட்டும் உரத்துக் கதைத்தேன்.

பள்ளிக்கூடத்து ஆங்கில தினத்துக்கு என்னைப் பேசப் போட்டார்கள். விஞ்ஞானத்தால் மனிதகுலம் அடைந்த நன்மைகள். ரீச்சர் எழுதித் தந்ததை அதே முதுகுக்குச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். மின்சாரம், ஊசிமருந்து, கப்பல் எல்லாவற்றையும் விஞ்ஞானம் தந்தது என்று அதில் வரும். எங்கள் வீட்டில் அப்போது அரிக்கன் லாம்புதான்.

"எல்லாம் எழுதின ரீச்சர் சைக்கிளை விட்டிட்டாவே," என்று மாமா குறைப்பட்டார். அடுத்த நாள், "கிவ், கேவ், கிவன்" என்று சரிபார்த்துச் சைக்கிளுக்கும் ஒரு வரி சேர்த்துவிட்டார்.

அன்று அம்மா அயல்வீட்டாரையெல்லாம் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தியிருந்தார். அவர்கள் முன்னால் நான் மைக்கைப் பிடித்தேன். எங்கு பார்த்தாலும் முகங்கள். முதல் வரியே போய்விட்டது. ரீச்சர் பக்கத்தில் நின்று முணுமுணுத்ததும் காதில் ஏறவில்லை. அம்மாவின் முகம் சுருங்குவது தெரிந்தது.

அப்போது முன்வரிசையில் இருந்த மாமா எழும்பினார். தன் கதிரையைத் தூக்கி மறுபக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"டேய் தம்பி, விசரே உனக்கு? திரும்பியிரு!" என்றார் அம்மா.

"அண்ணே, மேடை அங்கால இருக்கு!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது.

மாமா அசையவில்லை. சட்டையின் நடுவில் அந்த வியர்வை ஈரம் தெரிந்தது. எனக்குப் பேச்சு வந்துவிட்டது. பாலத்துக் காற்றில் கத்துகிற மாதிரியே கத்தினேனாம், மைக் தேவைப்படவில்லை. சைக்கிள் வரி வந்தபோது அந்த முதுகு ஒருமுறை நிமிர்ந்தது.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம்.

"எல்லாரும் என்னைப் பாத்தவை. நீங்க மட்டும்தான் பாக்கேல்ல."

"முழுக்கக் கேட்டனான் பிள்ளை," என்றார்.

அது எனக்குப் போதவில்லை. பாலம் தாண்டும்வரை வினைச்சொல் கேட்காமலே இருந்தேன்.

மாமா எழுத்துச் சோதனையில் சித்தியடைந்தார். நேர்முகப் பரீட்சையில் தவறிவிட்டார். இவ்வளவு வினைச்சொல் தெரிந்தவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மேசைக்கு அங்கால் இருந்த மூன்று பேரின் முகத்தைப் பார்த்து வாய் திறக்க ஏலாமல் எழும்பி வந்துவிட்டாராம். அம்மா இதைச் சொன்னபோது எனக்கே பிள்ளை பிறந்திருந்தது.

அன்று நான் பேசி முடிக்கும்வரை, சிரித்துக்கொண்டிருந்த அவ்வளவு முகங்களையும் பார்த்தபடி இருந்தவர் அவர்தான்.